‘தோல்வியே காணாத’ குதிரையும் செல்டன்ஹாம் மேடும்

செல்டன்ஹாம் திருவிழா நெருங்கினா போதும். இங்கிலாந்து, அயர்லாந்து ரேஸ் பக்கங்கள்ல டிப்ஸ் எழுதுறவங்க எல்லாரும் ஒரே அடைமொழியைக் கையில எடுத்துக்குவாங்க.

‘தோல்வியே காணாத.’

அஞ்சு ஓட்டம், அஞ்சு வெற்றி, பக்கத்துல அஞ்சு நட்சத்திரம். அலசல் முடிஞ்சுபோச்சு!

யாரை ஜெயிச்சுது? எந்தத் தரையில ஜெயிச்சுது? கடைசி இருநூறு மீட்டர்ல குதிரைகிட்ட மூச்சு மிச்சம் இருந்துச்சா, இல்ல ஜாக்கிதான் தள்ளிக்கிட்டு வந்தாரா? அதையெல்லாம் யாரும் கேக்கக் கூடாது. கேட்டா, "அதான் தோத்ததே இல்லையே சார்"னு திரும்ப அதே பல்லவி.

அந்த எரிச்சல்தான் இந்தப் பதிவு. உதாரணத்துக்கு எடுத்துக்கிட்டது, திருவிழாவோட மூணாவது நாள் வியாழக்கிழமை ஓடற ‘மேர்ஸ் நோவிசஸ் ஹர்டில்’. அதாவது புதுசா தடை தாண்ட வந்த பெண் குதிரைகளுக்கான ரேஸ். (பணம் கட்ட டிப்ஸ் தேடி வந்தவங்க இங்கேயே இறங்கிக்கலாம். ஏன்னா இந்த ரேஸ்ல ஒண்ணுக்கு அம்பது விலையில வந்த குதிரை ஒண்ணு ஜெயிச்சிருக்கு. அதை முன்கூட்டியே சொல்ற திறமை இந்தப் பதிவை எழுதுறவருக்குச் சத்தியமா கிடையாது.)

கிண்டி ரேஸ் பார்த்துப் பழகின நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். கிண்டியில நடந்ததெல்லாம் ‘ஃபிளாட்’ ரேஸ், வழியில எதுவும் குறுக்க நிக்காது. செல்டன்ஹாம்ல நடக்கறது ‘ஜம்ப்’ ரேஸ். அதுல ரெண்டு வகை. ‘ஃபென்ஸ்’னா நாலரை அடி உயரத்துக்குக் கெட்டியாக் கட்டின புதர்ச்சுவர். ‘ஹர்டில்’ அதைவிடச் சின்னது. சுமார் மூணரை அடி, மரச்சட்டத்துல குச்சியைச் செருகிச் சாய்வா நட்டுவெச்சிருப்பாங்க, குதிரையோட கால் பட்டா மடங்கிக் குடுக்கும். அதனால ஹர்டில்ல உயரமாத் தாவற குதிரைக்குத் தனி மதிப்பு எதுவும் இல்ல. வேகத்தைக் குறைக்காம உரசற மாதிரி கடந்து, கால் ஊன்றின அடுத்த நொடியே ஓட ஆரம்பிக்கிற குதிரைக்குத்தான் லாபம்.

(சட்டத்தோட விளிம்பு ரொம்ப காலமா ஆரஞ்சு நிறத்துல இருந்துச்சு. ஆரஞ்சு நமக்குத்தான் பளிச்னு தெரியும், குதிரைக்குப் புல்லோட புல்லாக் கலந்துபோயிடும். எக்ஸிடர் பல்கலைக்கழகத்துல இதை ஆராய்ஞ்சு சொன்ன பிறகுதான் பிரிட்டன்ல வெள்ளைக்கு மாத்தினாங்க. இத்தனை வருஷம் குதிரைகிட்ட யாரும் கேக்கலை!)

‘நோவிஸ்’ங்கிறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. இந்த சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வரைக்கும் ஹர்டில் ரேஸ்ல ஜெயிக்காத குதிரைதான் நோவிஸ். எத்தனை தடவை ஓடிச்சுங்கிறது முக்கியம் இல்ல, ஜெயிச்சுதாங்கிறதுதான். இந்த விதியை மனசுல வெச்சுக்கங்க. பின்னாடி ஒரு குதிரை இதை வெச்சே ஒரு வேலை காட்டும்.

இந்த ரேஸ் 2016லதான் ஆரம்பிச்சாங்க. தூரம் ரெண்டு மைலுக்குக் கொஞ்சம் மேல, நம்ம கணக்குல சுமார் 3.4 கிலோமீட்டர். தரம் கிரேடு 2. பெண் குதிரைக்குத் தனி ரேஸ் எதுக்குன்னு கேக்கறவங்க அங்கேயும் நிறைய பேர் இருக்காங்க. பதில் பாதி வியாபாரம். ஜம்ப் ரேஸ்ல ஓடற ஆண் குதிரைகள்ல கிட்டத்தட்ட எல்லாமே காயடிச்சது, அதனால வம்சத்தைத் தாய் வழியாத்தான் கணக்குப் பண்ணியாகணும். ஆனா ஓட்டத்துல பெண் குதிரைக்கு வாய்ப்பு கம்மின்னு, பெண் குட்டி பிறந்தாலே விலை இறங்கிடும். வாங்கினவரும் ஓட விடாம நேரா இனப்பெருக்கத்துக்கு அனுப்பிடுவார். அந்தப் பழக்கத்தை மாத்தத்தான் 2008ல மேர்ஸ் ஹர்டில், 2016ல இந்த நோவிஸ் ரேஸ், 2021ல மேர்ஸ் சேஸ்னு வரிசையாக் கொண்டுவந்தாங்க.

ஆண் குதிரைகளோட சேர்ந்து ஓடினா பெண் குதிரைக்கு ஏழு பவுண்டு எடை குறைப்பு உண்டு. மூணு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. அந்தச் சலுகையை வாங்கிக்கிட்டு ஆம்பளைங்களோடயே மோதற குதிரைகளும் உண்டு. 2002ல லைக் எ பட்டர்ஃபிளைங்கிற பெண் குதிரை, திருவிழாவோட பெரிய நோவிஸ் ரேஸான சுப்ரீமையே ஜெயிச்சுது.

இந்த நோவிஸ் ரேஸுக்கு டான் ரன்ங்கிற குதிரையோட பேர் வெச்சதுலயும் அர்த்தம் இருக்கு. 1984ல சாம்பியன் ஹர்டில், 1986ல கோல்டு கப், திருவிழாவோட பெரிய ரேஸ்கள். ரெண்டையும் ஜெயிச்ச ஒரே குதிரை இன்னிக்கு வரைக்கும் அதுதான், அதுவும் பெண் குதிரை. அதோட சொந்தக்காரம்மா சார்மியன் ஹில், தன்னோட 62 வயசுல தானே ஏறி அதை ஒரு ரேஸ்ல ஜெயிக்க வெச்சவங்க. (62! நம்ம வீட்டுல அந்த வயசுல மாடிப்படி ஏறினாலே "பார்த்து, பார்த்து"ன்னு பத்து பேர் கத்துவோம்.) டிரெயினர் பேடி முலின்ஸ். அவரோட மகன்தான் வில்லி முலின்ஸ்.

அந்த வில்லி முலின்ஸ்தான் அப்பா டிரெயின் பண்ண குதிரையோட பேர்ல நடக்கிற இந்த ரேஸை முதல் அஞ்சு வருஷமும் சுருட்டிக்கிட்டுப் போனார். 2016ல லிமினி, 2017ல லெட்ஸ் டான்ஸ், 2018ல லாரினா, 2019ல எக்லான்டீன் து சேய், 2020ல கான்செர்டிஸ்டா. வேற டிரெயினர்கள் வெறும் வேடிக்கை பார்க்க வந்த மாதிரி ஆகிப்போச்சு.

இங்கதான் டிப்ஸ்காரங்களோட முதல் பாடம் பிறந்துச்சு: "முலின்ஸோட முதல் குதிரையைப் பிடி, மத்ததை மற."

லாரினா அதுக்கு நல்லா எண்ணெய் ஊத்திச்சு. போட்ட பணத்துக்குப் பாதி லாபம்தான் கிடைக்குங்கிற அளவுக்கு விலை இறங்கியும் ஜனம் விடலை. அதுவும் ஏமாத்தலை, 18 லெங்த் (குதிரை நீளம்) வித்தியாசத்துல ஜெயிச்சுது. 18 லெங்த்னா டிவி கேமராவை நல்லாப் பின்னால இழுத்தாத்தான் ரெண்டாவது குதிரையே படத்துக்குள்ள வரும். அன்னிக்கே "அடுத்த வருஷ சாம்பியன் ஹர்டில் இதுக்குத்தான்"னு எழுதித் தள்ளிட்டாங்க. 2019ல அந்த சாம்பியன் ஹர்டில்ல லாரினா நாலாவது.

சரி, அதே 2019ல நோவிஸ் ரேஸ் என்னாச்சு? அந்த வருஷ ஃபேவரிட் எபடான்ட். நிக்கி ஹென்டர்சன் டிரெயினர், ஜே.பி. மெக்மனஸ் சொந்தக்காரர். ரெண்டு பேருமே சாதாரண ஆள் கிடையாது. எபடான்ட் வந்தது ஒன்பதாவது. "பில்டப் குடுத்து ஏமாத்திட்டாங்க"ன்னு சத்தம் போட்டவங்க, அடுத்த மார்ச்லயே அது சாம்பியன் ஹர்டிலை ஜெயிச்சதும் கமுக்கமா ஆயிட்டாங்க.

ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. 18 லெங்த்ல ஜெயிச்சது சாம்பியன் ஆகலை. ஒன்பதாவதா வந்தது ஆச்சு. அப்படின்னா இந்த ரேஸ் கேக்கற கேள்வியே ‘எது சிறந்த குதிரை’ங்கிறது இல்ல. இந்தத் தரையில, இந்த வேகத்துல, இந்த மேட்டுல, இன்னிக்கு எது தாங்கும்? அவ்வளவுதான். டிப்ஸ்காரங்க முதல் கேள்விக்குப் பதில் எழுதிட்டு ரெண்டாவது கேள்விக்கு மார்க் கேக்கறாங்க.

மேடுன்னு சொன்னேன்ல, அதை விளக்கியாகணும். செல்டன்ஹாம் மைதானம் கிளீவ் மலையடிவாரத்துல இருக்கு. சமதளம்னு சொல்ல அங்க ரொம்ப இடம் இல்ல. இந்த ரேஸ் ஓடறது ‘நியூ கோர்ஸ்’ங்கிற பாதையில. அதுல ஒரு விசேஷம்: கடைசி ஒரு கிலோமீட்டருக்கும் மேல இருக்கிற நீளத்துல ரெண்டே ரெண்டு தடைதான். தடை கம்மியானா என்ன ஆகும்? மூச்சு வாங்க இடம் கிடைக்காது. தாவறதுல கெட்டியான குதிரை அங்கங்க ஒரு அடி, ரெண்டு அடி சம்பாதிக்கிற வாய்ப்பும் போயிடும். இறக்கத்துல கட்டவிழ்ந்து வர்ற குதிரைகள் வளைவுல திரும்பினதும் எதிர்ல ஏத்தம். கடைசித் தடையைத் தாண்டின பிறகு இருநூறு மீட்டர் போல முழுக்க மேடு.

தட்டையான ரேஸ்கோர்ஸ்ல, நாலு குதிரை ஓடற குட்டி ரேஸ்ல, ஜாக்கி கையை அசைக்காம ஜெயிச்ச குதிரைக்கு அந்த இருநூறு மீட்டர்ல என்ன ஆகும்னு அதோட ‘ஃபார்ம்’ல எங்கேயும் எழுதியிருக்காது. குளிர்காலம் பூரா சின்னச் சின்ன ஊர்கள்ல நடக்கற மேர்ஸ் நோவிஸ் ரேஸ்ல மூணு ஜெயிக்கறது, நாலு பேர் படிக்கிற டியூஷன்ல ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கற கதைதான். பையன் கெட்டிக்காரனா இருக்கலாம். ஆனா அந்த ரேங்க் அதுக்கு சாட்சி ஆகாது.

அப்ப எதைப் பார்க்கறது?

ஒண்ணு, அது எந்த மேட்டுல ஓடிப் பார்த்திருக்கு? லண்டன் பக்கத்துல சேண்டவுன்னு ஒரு மைதானம், அங்கேயும் முடிவுல சரியான ஏத்தம். பிப்ரவரியில அங்க ஜேன் சீமோர் மேர்ஸ் நோவிஸ்னு ஒரு கிரேடு 2 ரேஸ் நடக்கும். 2022ல அதை ஜெயிச்ச லவ் என்வாய், மார்ச்ல செல்டன்ஹாம்லயும் ஜெயிச்சுது. 2023ல அதை ஜெயிச்ச யூ வேர் இட் வெல், அதுவும் மார்ச்ல ஜெயிச்சுது. ஒண்ணுக்கு டிரெயினர் ஹாரி ஃப்ரை, இன்னொண்ணுக்கு ஜேமி ஸ்னோடன். ரெண்டுமே முலின்ஸ் பட்டறை இல்ல, அயர்லாந்தே இல்ல. அதனால விலையும் தாராளம். யூ வேர் இட் வெல்லுக்கு ஒண்ணுக்குப் பதினாறு!

(கிரேடு ரேஸ் ஜெயிச்ச குதிரைக்கு இங்க ‘பெனால்டி’ எடை வேற உண்டு. ஜெயிச்சதுக்குத் தண்டனையா சில பவுண்டு ஈயம் சேணத்துல ஏறும். "பாவம், எடை கூடிப்போச்சு"ன்னு ஒதுக்கறவங்களும் உண்டு. அந்த எடை எதுக்கு ஏறிச்சுன்னு யோசிச்சா, அதுவே ஒரு சான்றிதழ்னு புரியும்.)

லவ் என்வாயும் தோக்காமத்தான் வந்துச்சேன்னு நீங்க மடக்கலாம். நியாயம். தோக்காத குதிரை ஜெயிக்காதுன்னு இங்க யாரும் சொல்லலை. ‘தோக்கலை’ங்கிறது தகவலே இல்லைங்கிறதுதான் வாதம். லவ் என்வாய்கிட்ட அதுக்கு மேல சேண்டவுன் மேட்டுல வாங்கின ஒரு வெற்றி இருந்துச்சு.

ரெண்டு, அது எங்க தோத்துச்சு? இதுதான் இந்தப் பதிவோட செல்லக் கேள்வி. யூ வேர் இட் வெல் 2022 டிசம்பர் கடைசியில நியூபரியில சாலோ நோவிஸ் ஹர்டில்ல ஓடிச்சு. கிரேடு 1. ஆண் குதிரைகளோட, ரெண்டரை மைல் தூரம். அதுல ஹெர்மிஸ் ஆலன்கிட்ட தோத்து ரெண்டாவது வந்துச்சு. அட்டவணையில அது ‘2’னு ஒரு சாதாரண எண். 2023 மார்ச்ல அதோட சேர்ந்து நின்ன ஃபேவரிட் லூசியா, தோல்வியே காணாத குதிரை. லூசியாவோட அட்டவணையில வரிசையா ‘1’.

ரேஸ் முடிவு: யூ வேர் இட் வெல் முதல், லூசியா மூணாவது.

கிரேடு 1ல ஆம்பளைங்ககிட்ட வாங்கின அந்த ‘2’ல எவ்வளவு விஷயம் இருக்கு பாருங்க. ரெண்டரை மைல் தாங்கற மூச்சு இருக்குன்னு தெரியுது. கூட்டத்துக்குள்ள இடிபட்டு ஓடவும் தெரியுது. அழுத்தம் வந்தா மடங்கிடாதுன்னும் தெரியுது. ‘1, 1, 1’ல இருந்து இதுல ஒண்ணாவது தெரியுமா?

மூணு, தூரத்தைவிட வேகம். கூட்டத்துல முன்னாடி இழுத்துக்கிட்டு ஓடற குதிரை எத்தனை இருக்குன்னு எண்ணிப் பார்க்கணும். ரெண்டு மூணு இருந்தா ரேஸ் முதல்லேர்ந்தே சூடாகும், அப்ப மூச்சுக்காரிக்கு லாபம். ஒண்ணுமே இல்லைன்னா எல்லாம் ஊர்ந்து வந்து கடைசியில குபீர்னு ஓடும், அப்ப வேகக்காரிக்கு லாபம். குதிரை அதேதான். ரேஸ் மாறினா ரிசல்ட் மாறும்.

நாலு, தரை. அயர்லாந்துல குளிர்காலத் தரை பெரும்பாலும் சகதி. டிசம்பர், ஜனவரி சேத்துல ஜெயிச்ச குதிரை மார்ச்சோட கொஞ்சம் இறுகின தரையில அதே குதிரையா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. தலைகீழாவும் நடக்கும்.

அஞ்சாவதா ஒண்ணு, குதிரையையே பார்க்கறது. இதை டிவியிலயே செய்யலாம். ஓட்டத்துக்கு முன்னாடி பேடக்ல சுத்தி வரும்போது பின்னங்கால்களுக்கு நடுவுல பாருங்க, வெள்ளையா சோப்பு நுரை மாதிரி வேர்வை தெரியுதா? கழுத்துல தெரிஞ்சாலும் சரி. மார்ச் குளிர்ல அவ்வளவு வேர்க்குதுன்னா ஓடறதுக்கு முன்னாடியே பதட்டத்துல பாதிச் சக்தி போயிடுச்சுன்னு அர்த்தம். சில குதிரைக்கு சிவப்பு முகமூடி போட்டுக் காதை மூடிக் கூட்டிட்டு வருவாங்க, கூட்டத்தோட சத்தம் கேக்காம இருக்க. ஸ்டார்ட்டிங் பாயின்ட்ல அதைக் கழட்டற நேரத்துல குதிரை எப்படி நிக்குதுன்னு பார்க்கணும். காது முன்னால விறைச்சு, தலையைத் தாழ்த்தி நடந்தா நல்லது. பல்லைக் கடிச்சுக் கடிவாளத்தோட மல்லுக்கட்டினா, அந்த மல்லுக்கட்டுக்கான பில் மேட்டுல வந்து நிக்கும்.

பெண் குதிரைக்கு இன்னொரு விஷயமும் இருக்கு. வசந்தம் வந்தா பருவம் திரும்பும். குளிர்காலம் பூரா மந்தமா இருந்தது, வெயில் ரெண்டு நாள் முதுகுல பட்டதும் ரோமம் மினுமினுத்துப் புதுக் குதிரையா ஆகறதைப் பத்தி டிரெயினர்கள் அடிக்கடி சொல்வாங்க. ஜனவரி ஃபார்மை மார்ச்ல அப்படியே நம்பக் கூடாதுங்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்ப முலின்ஸ் பாடத்துக்கு வருவோம். 2019ல எபடான்ட் கோட்டை விட்டப்ப ஜெயிச்சது யாருன்னு சொன்னேன், எக்லான்டீன் து சேய். விலை ஒண்ணுக்கு அம்பது. ரெண்டாவது வந்தது கான்செர்டிஸ்டா. விலை ஒண்ணுக்கு அறுபத்தாறு. ரெண்டுமே முலின்ஸ் குதிரை! ‘முதல் குதிரையைப் பிடி, மத்ததை மற’னு சொன்னவங்க அன்னிக்கு மறந்த ரெண்டும்தான் முன்னாடி வந்துச்சு. அதுவும் எப்படி? மேட்டுல ரெண்டும் தலையோட தலை வெச்சு ஏறி, ஷார்ட் ஹெட் வித்தியாசம். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் நடுவுல இருக்கற தூரம்கூடத் தேறாது.

எக்லான்டீன் மேல உட்கார்ந்திருந்தவர் நோயல் ஃபெஹிலி. இறங்கின கையோட "இத்தோட போதும், ரிடையர் ஆகறேன்"னு அறிவிச்சுட்டார். அப்புறம் பலபேர் சேர்ந்து பங்கு போட்டுக் குதிரை வாங்கற சிண்டிகேட் ஆரம்பிச்சார். அந்த சிண்டிகேட்டோட குதிரைதான் 2022ல இதே ரேஸை ஜெயிச்ச லவ் என்வாய். (சினிமாவுல வெச்சா நம்ப மாட்டோம்.)

மயிரிழையில தோத்த கான்செர்டிஸ்டாவுக்குத்தான் அந்த நோவிஸ் விதி கை குடுத்துச்சு. அந்த சீசன் முடியறதுக்குள்ள ஹர்டில்ல அது ஜெயிக்கவே இல்ல, அதனால அடுத்த வருஷமும் நோவிஸ்தான். 2020ல திரும்ப அதே ரேஸுக்கு வந்துச்சு. இந்தத் தடவை மூக்கு நுனிக் கணக்கெல்லாம் இல்ல, 12 லெங்த். இதே மேட்டுல ஒரு தடவை தோத்துப் பார்த்ததைவிட நல்ல ஃபார்ம் எங்க கிடைக்கும்?

2021ல முலின்ஸோட தொடர் ஓட்டம் நின்னுச்சு. ஹென்றி டி புரோம்ஹெட் டிரெயின் பண்ண டெல்மிசம்திங்கேர்ள், ரேச்சல் பிளாக்மோர் ஏறி ஜெயிச்சுது. கொரோனா காலம், மைதானத்துல ஒரு ஈ காக்கா இல்ல. அந்த வாரம் பிளாக்மோர் ஆறு ரேஸ் ஜெயிச்சு, திருவிழாவோட முதலிடம் பிடிச்ச முதல் பெண் ஜாக்கி ஆனார். (அந்தப் பேரை ஏன் மூச்சு விடாம ஒட்டி எழுதறாங்கன்னு கேட்டீங்கன்னா, குதிரைப் பேருக்கு இங்கிலீஷ்ல இடைவெளியோட சேர்த்துப் பதினெட்டு எழுத்துதான் அனுமதி. இது ஒட்டியே பதினெட்டு!)

2025லயும் இதே ஜோடி ஏர் ஆஃப் என்டைட்டில்மென்ட்டை வெச்சு ஜெயிச்சுது. ரெண்டு மாசம் கழிச்சு, மே மாசத்துல பிளாக்மோர் ஓய்வு பெற்றார்.

நடுவுல ஒண்ணு பாக்கி வெச்சிருக்கேன். 2024.

அந்த வருஷம் பட்டியல்ல முதல் பேர் பிரைட்டர்டேஸ்அஹெட். கோர்டன் எலியட் டிரெயினர், ஜாக் கென்னடி ஜாக்கி. வேற என்ன, தோல்வியே காணாத குதிரை. குடும்பமும் சாமானியம் இல்ல. ஒரே தாய் வயித்துல பிறந்த கால்ட்வெல் பாட்டர் அந்தப் பிப்ரவரியிலதான் ஏலத்துல 7,40,000 யூரோவுக்குப் போயிருந்துச்சு. பிரிட்டன் பக்கத்து நம்பிக்கையான டைசர்ட் ஈனோஸ், அதுவும் தோக்காத குதிரை, கடைசி நேரத்துல கால் நொண்டி விலகிடுச்சு. இனி யார் இருக்கா? ஒண்ணுக்கு ஒண்ணுகூடக் கிடைக்காத விலையில பிரைட்டர்டேஸ்அஹெட் ஸ்டார்ட்டுக்குப் போச்சு.

கூட நின்னதுல ஒண்ணு கோல்டன் ஏஸ். சாமர்செட்ல ஜெரமி ஸ்காட்னு ஒருத்தர், பெரிய பட்டறைக்காரர் இல்ல, அவரோட குதிரை. ஜாக்கி லார்கன் வில்லியம்ஸ். விலை ஒண்ணுக்குப் பத்து. அப்பன் கோல்டன் ஹார்ன், 2015ல எப்சம் டெர்பி ஜெயிச்ச குதிரை. ஃபிளாட் ரேஸ் ரத்தம், வேகம் உள்ளே ஒளிஞ்சிருக்கு. மூணாவது பாயின்ட்ல சொன்ன வேகக் கணக்கை நினைச்சுக்கங்க. கடைசித் தடைக்கு அப்புறம் ஃபேவரிட்டைப் பிடிச்சு, மேட்டுல தாண்டி, ஒண்ணரை லெங்த்ல ஜெயிச்சுது.

"ஏதோ அதிர்ஷ்டம்"னு சொன்னாங்க. சொல்றதுக்கு ஆதாரமும் அடுத்தடுத்துக் கிடைச்சுது. பிரைட்டர்டேஸ்அஹெட் அடுத்த மாசமே எய்ன்ட்ரீயில கிரேடு 1 ஜெயிச்சுது, அதுவும் ரெண்டரை மைல்ல. டிசம்பர்ல லெப்பர்ட்ஸ்டவுன்ல நடப்பு சாம்பியன் ஸ்டேட் மேன் ஓடின ரேஸ்ல 30 லெங்த்ல ஜெயிச்சுது. ரெண்டாவது வந்தது வின்டர் ஃபாக், அந்த 30 லெங்த் பின்னாடி.

2025 மார்ச், சாம்பியன் ஹர்டில். கோல்டன் ஏஸை மேர்ஸ் ஹர்டில்ல ஓட விடத்தான் டிரெயினருக்கு ஆசை, சொந்தக்காரர்தான் பிடிவாதமா சாம்பியனுக்கே அனுப்பினார். விலை ஒண்ணுக்கு இருபத்தஞ்சு. ஃபேவரிட் கான்ஸ்டிட்யூஷன் ஹில் பாதி வழியில விழுந்துச்சு. முன்னால தனியா வந்துக்கிட்டிருந்த ஸ்டேட் மேன் கடைசித் தடையில விழுந்துச்சு. கோல்டன் ஏஸ் ஜெயிச்சுது. திரும்ப "அதிர்ஷ்டம், அதிர்ஷ்டம்"னு ஒரே கோரஸ்.

ரெண்டு குதிரை விழுந்தது அதிர்ஷ்டம்தான், மறுக்கலை. ஸ்டேட் மேன் நின்னிருந்தா அதுதான் சாம்பியன். ஆனா அதே ரேஸ்ல பிரைட்டர்டேஸ்அஹெட்டும் இருந்துச்சே? அது விழலை. முழு ரேஸும் ஓடி நாலாவதா வந்துச்சு. அதுக்கு ஒரு இடம் முன்னால, மூணாவதா முடிச்சது அதே வின்டர் ஃபாக்.

டிசம்பர்ல லெப்பர்ட்ஸ்டவுன்ல 30 லெங்த் பின்னாடி இருந்த குதிரை, மார்ச்ல செல்டன்ஹாம் மேட்டுல முன்னாடி. அதனால 2024 ரிசல்ட் தற்செயல்னு வாதாடறவங்க முதல்ல இந்த வின்டர் ஃபாக் கணக்கைத் தீர்த்துட்டு வரட்டும். அதுவரைக்கும், பிரைட்டர்டேஸ்அஹெட் அந்த ரெண்டு மார்ச்லயும் தோத்தது கோல்டன் ஏஸ்கிட்ட மட்டும் இல்ல, அந்த மேட்டுகிட்டயும்தான்னுதான் இந்தப் பதிவு சொல்லிக்கிட்டிருக்கும்.